அந்த மலைப் படத்தை எடுத்துவிடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் கண்தான். தூரத்துக்கு ஒரு கண்ணாடி, கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி என்று ஆகிவிட்டது. ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடுவதிலேயே பாதிப் பொழுது போகிறது. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது.

வேலையை விட்டுவிட்டுப் பை தைக்கப் போவதாக நீ சொன்னபோது நான் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். நீ அனுப்பிய பை கைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரத் தையல் அத்தனை சீர்.

சரி, நீ பார்த்துச் சொல்லச் சொன்ன உன் இணையக் கடைக்கு வருகிறேன். நான் பார்த்தால் இணையப் பக்கம் செய்கிறவனின் தொழில்புத்தி குறுக்கே வரும் என்று, முகப்புப் பக்கத்தைத் திறந்து மனைவியிடம் ஃபோனைக் கொடுத்தேன். ஐந்து வரை எண்ணிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு, "என்ன விற்கிறார்கள்?" என்று கேட்டேன். "யோகா வகுப்பா?" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. பனி மூடிய மலை, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதர், மேலே "உங்கள் பயணம் இங்கே தொடங்குகிறது" என்று ஒரு வரி. அவர் தோளில் தொங்குவது உன் பைதான். ஆனால் ஃபோன் திரையில் அது சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இல்லை. அந்த வரியை ஒரு வங்கியும் போட்டுக்கொள்ளலாம், கல்யாணத் தரகரும் போட்டுக்கொள்ளலாம். அங்கே ஒரு பையைக் கிட்டத்தில் இருந்து எடுத்த படத்தைப் போடு. கீழே "லேப்டாப் வைக்க, கையால் தைத்த கான்வாஸ் பைகள்" என்று எழுது. ஒரே ஒரு பட்டன். அவ்வளவு போதும்.

அப்புறம் அந்த ஸ்லைடர். ஐந்து படங்கள் தானாக ஓடுகின்றன. எனக்கு இதில் பழைய காயம் உண்டு. ஒரு நிறுவனத்துக்கு முகப்பு செய்தபோது ஒவ்வொரு பிரிவுக்காரரும் தன் அறிவிப்புதான் மேலே வரவேண்டும் என்று நின்றார்கள். எல்லாரையும் சமாதானப்படுத்த ஏழு படங்களை ஓடவிட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம், வாங்க வந்தவரைத் தவிர. 2013இல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத் தளத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் ஸ்லைடரில் ஒரு படத்தைத் தொட்டு உள்ளே போனார்கள், அந்தத் தொடல்களிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கே போனது. அது கடை இல்லை, பல்கலைக்கழகம். இருந்தாலும் நான் பார்த்த கடைகளிலும் கதை இதே மாதிரிதான். உன்னால் ஸ்லைடரை விடவே முடியாது என்றால், தானாக ஓடுவதையாவது நிறுத்து.

மெனுவில் "வேர்கள்", "நிழல்", "தொகுப்பு இரண்டு" என்று வைத்திருக்கிறாய். பெயர் வைத்த அன்று உனக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று தெரியும். வருகிறவருக்கு அது விடுகதை. தோள்பை, லேப்டாப் பை, பயணப் பை என்று வை. கவித்துவத்தைப் பைகளுக்குத் தனித்தனியாக வைத்துக்கொள். அந்த மூன்று வகைகளையும் முகப்பிலேயே படத்தோடு காட்டு. இப்போது அங்கே தோள்பை மட்டும் இருப்பதால், நீ வேறொன்றும் தைப்பதில்லை என்றே தோன்றுகிறது. தேடல் பெட்டி இல்லையே என்று வருத்தப்பட்டிருந்தாய். பதினான்கு பைக்கு அது எதற்கு? நூறைத் தாண்டட்டும், அப்போது எழுத்துப்பிழையோடு தேடினாலும் கண்டுபிடித்துக் கொடுக்கும் பெட்டியாகப் பார்த்து வைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பலர் முகப்பு வழியாக உள்ளே வருவதில்லை. யாரோ அனுப்பிய இணைப்பில் நேராக ஒரு பையின் பக்கத்தில் வந்து இறங்குவார்கள். பை பிடித்துப்போன பிறகுதான் மேலே உள்ள லோகோவைத் தொட்டு முகப்புக்கு வருவார்கள். ஏன் தெரியுமா? இது உண்மையான கடையா, பணம் கட்டினால் பொருள் வருமா என்று பார்க்க. அந்தச் சந்தேகத்துக்கு உன் முகப்பில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. எத்தனை நாளில் வரும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா, யாரைக் கூப்பிடுவது: இதெல்லாம் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. மேலே கொண்டுவா. நீ தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றும் போடு, கூச்சப்படாதே.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த மலைப் படம் கேமராவில் இருந்து வந்தபடியே ஏறியிருக்கிறது, 6 எம்பி. பக்கத்தில் பெரிதாகத் தெரியும் பகுதி 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். புதுப் படத்தை அளவு குறைத்து, கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி (WebP) அல்லது ஏவிஐஎஃப் (AVIF) வடிவில் ஏற்று. லேஸி லோடிங்கை, அதாவது திரைக்கு வரும் நேரத்தில்தான் படத்தை இறக்கும் ஏற்பாட்டை, கீழே வரும் படங்களுக்கு மட்டும் வை. முதல் படத்துக்கும் அதைப் போட்டால் அது இன்னும் தாமதமாகும். படங்களின் அகலம், உயரம் இரண்டையும் குறித்துவிடு. இப்போது படம் வந்ததும் பக்கம் குதிக்கிறது. நான் ஒன்றைத் தொடப்போய் விரல் வேறொன்றில் விழுந்தது.

"இன்னும் பத்து நிமிடம்தான்" என்று ஓடும் கடிகாரத்தை யார் உனக்கு வைத்துக் கொடுத்தது? பக்கத்தை மறுபடி திறந்தேன், திரும்பவும் பத்து நிமிடம். 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் ஏறக்குறைய 11,000 இணையக் கடைகளைச் சோதித்து, இது மாதிரி தந்திரங்கள் 1,818ஐக் கண்டெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் உன் கடை வேண்டாம். கல்லூரியில் பரீட்சைத் தாளில் தப்பாக மார்க் கூடுதலாகப் போட்டதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ.

எழுத்தின் நிறமும் மாற வேண்டும். சந்தன நிறப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, எந்தக் கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று, பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக வகுத்த அணுகல்தன்மை விதிகள் சொல்கின்றன. அதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

கடை பை விற்கிறது என்று தெரிந்த பிறகு மனைவி ஃபோனைத் திரும்பத் தரவில்லை. பச்சை நிறத்தில் ஒன்று பிடித்துவிட்டதாம். அதன் அளவு என்ன என்று தேடிக்கொண்டே இருந்தாள், கிடைக்கவில்லை. 15 அங்குல லேப்டாப் உள்ளே போகுமா? அதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்