விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளைப் பரிசோதிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கிலங்கையில் கல்முனை வீதியிலோ செங்கலடி – பதுளை வீதியிலோ கோரமான விபத்தொன்று நிகழ்ந்தால், எங்கள் வைத்தியசாலைக்கும் தனியான விபத்துச் சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்ற கோரிக்கை சில நாட்களுக்குப் பலமாக ஒலிக்கிறது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் அடிக்கல் நாட்டி, பெயர்ப்பலகையைத் திரைநீக்கம் செய்த பின்னர் அந்தப் பிரிவினால் எத்தனை உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டன என்று விசாரிப்பார் எவருமில்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. அங்கு சத்திரசிகிச்சை நிபுணர்களின் கல்லூரி என்னும் தொழில்சார் அமைப்பு, படுகாயமடைந்தோரைப் பராமரிக்கும் வைத்தியசாலையில் இருக்க வேண்டியவற்றை 1976இல் வரையறுத்து, 1987 முதல் நேரில் பரிசோதித்துச் சான்று வழங்கி வருகிறது. 14 மாநிலங்களில், உயர்நிலை விபத்துச் சிகிச்சை மையங்கள் 18ஐயும் அவ்வாறு அமையாத 51 வைத்தியசாலைகளையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், வயதையும் காயத்தின் கடுமையையும் சமப்படுத்திப் பார்த்தபோது, மையங்களில் 7.6 வீதமானோரும் ஏனையவற்றில் 9.5 வீதமானோரும் வைத்தியசாலையிலேயே இறந்திருந்தனர். ஓராண்டு முடிவில் அது 10.4 வீதமாகவும் 13.8 வீதமாகவும் இருந்தது. இந்த வேறுபாடு பெரும்பாலும் கடுமையான காயங்களிலேயே காணப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பயன் சான்றிதழ்த் தாளினால் வந்ததென்று நான் நம்பவில்லை. அதைப் பெறுவதற்காக வைத்தியசாலை தன்னை எவ்வளவு தூரம் மாற்றிக்கொள்கிறது என்பதே முக்கியம். உயர்நிலை மையமொன்றில், மிகக் கடுமையான காயத்துடன் நோயாளி வந்து 15 நிமிடங்களுக்குள் சத்திரசிகிச்சை நிபுணர் அருகில் நிற்க வேண்டும். குருதியும் சத்திரசிகிச்சைக் கூடமும் இரவிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். காயமடைந்தோர் பதிவேடு இடைவிடாது பேணப்பட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் கட்டிடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல், இறந்தவர்களின் சிகிச்சைக் கோவைகளை எடுத்து வாசிக்கிறார்கள். எங்கள் நாட்டுத் திறப்பு விழாக்களில் எவரும் கோவை கேட்டதாக நான் அறியேன்.

பொத்துவில் பக்கம் காயமடைந்த ஒருவர் அருகிலுள்ள வைத்தியசாலையிலிருந்து அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ அனுப்பப்பட்டு, அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படுவாரானால், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரமும் இடைநிற்கும் நேரங்களும் அவருடைய உயிரோடு போட்டியிடுகின்றன. குருதிப்பெருக்கைக் குறைக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் விலை குறைந்த மருந்து. ஆனால் காயமேற்பட்டு மூன்று மணித்தியாலங்களுக்குள் ஏற்றினாலே பயன் தரும் என்று 40 நாடுகளில் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றின் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. அது எத்தனை மணிக்கு, எங்கே ஏற்றப்பட்டது என்ற குறிப்பு நோயாளியோடு சேர்ந்து பயணிக்கவில்லையெனில், தாமதம் எங்கே நேர்ந்தது என்பதைப் பின்னர் எவராலும் கண்டறிய முடியாது. இங்கிலாந்து 2012இல் தனி மையங்களை மட்டும் அமைக்காமல், அம்புலன்ஸ் எந்த நோயாளியை எங்கே நேராகக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற ஒழுங்கோடு பிராந்திய வலையமைப்புகளாகவே அவற்றை இணைத்தது. எங்கள் நாட்டின் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் வைத்தியசாலைகளும் அவ்வாறு ஒரே ஒழுங்கில் இயங்க வேண்டும்.

இதற்கெல்லாம் வசதி எங்கே என்பார்கள். ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரித்து, காரணத்தை ஆராய்ந்து பாடம் கற்கும் முறை இலங்கையில் பல காலமாக நடைமுறையில் உள்ளது. அம்முறையை வீதி விபத்து மரணங்களுக்கும் விரிவுபடுத்துவதற்குப் புதிய கட்டிடம் எதுவும் தேவையில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் அனைத்துக்கும் பொதுவான பதிவேடு ஒன்றை ஏற்படுத்தி, மாதந்தோறும் மரண ஆய்வுக் கூட்டம் நடத்தி, ஆண்டுக்கு ஒருமுறை வேறு மாகாண நிபுணர் குழுவைக் கொண்டு பரிசோதித்து, நோயாளர் பெயர்கள் நீக்கிய முடிவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுமாறு சுகாதார அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆய்வுகள் வைத்தியர்களையும் தாதியரையும் தண்டிக்கும் விசாரணைகளாக மாறிவிடக் கூடாது என்பது எழுத்தில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். இல்லையேல் பதிவேட்டில் உண்மையான நேரத்தை எவரும் எழுத மாட்டார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.