முதல் துவக்கு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டி அன்று, கொத்துரொட்டி வரிசையில் நின்ற என்னைப் பிடித்து நீங்கள் நாலுபேர் ஒரு கேள்வி கேட்டீர்கள். வேட்டைத் தேர்வு தேறிவிட்டோம், வருகிற இலையுதிர் காலத்துக்கு எல்க் வேட்டைக் குழு ஒன்றில் இடமும் கிடைத்துவிட்டது, எந்த ரவைக்கு (தோட்டாவுக்கு) உரிய துவக்கை வாங்குவது என்று. ஒருவர் கைப்பேசியில் படத்தையே காட்டினார்: .300 வின்செஸ்டர் மக்னம், மருந்து அதிகம் அடைத்த, வலுக் கூடிய ரவை. "மாமா, எல்க் அரைத் தொன் மிருகம். பெரிசாத்தானே வேணும்?" பின்னால் நின்றவர் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தார். "அதை வாங்காதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். நோர்வே முழுக்க இந்த ஆண்டு தேறிய நம்ம பிள்ளைகள் இன்னும் இருப்பீர்கள் என்பதால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். (கனடாவில் இருந்து யாராவது வாசித்தால்: இங்கே எல்க் என்பது உங்கள் மூஸ். நீங்கள் எல்க் என்பது வேறொரு மான்.)

முதலில் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல். ரவை, அதிலிருந்து பறந்துபோகும் சன்னம், மருந்து அடைத்த கோது எல்லாம் எங்கள் தலைமுறை படித்துத் தெரிந்துகொண்ட சொற்கள் அல்ல. "சன்னம் பட்டிட்டுது" என்று யாரோ ஓடிவந்து சொல்லித்தான் அந்தச் சொல் எனக்குத் தெரியவந்தது. அதே சொற்களை வைத்து இறைச்சிக்கான வேட்டையைப் பற்றி எழுதும்போது எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது. வீட்டில் துவக்குப் பெட்டகம் வைக்கப்போகிறேன் என்றதும் அம்மா முகம் சுளித்தால் கோபிக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். எல்க்குக்கு என்ன ரவை போதும் என்பதை நோர்வேச் சட்டம் எண்ணிலேயே சொல்லிவிடுகிறது. பட்டதும் விரிகிற சன்னமாக இருக்க வேண்டும், 9 கிராமுக்குக் குறையக் கூடாது. 9க்கும் 10க்கும் இடையில் என்றால் 100 மீற்றரில் 2700 யூல் (சக்தியின் அலகு) வலு இருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 யூல் போதும். தேர்வுக்குப் பாடமாக்கினீர்கள்தானே. ஆனால் கடைக்குள் போனதும் அது மறந்துவிடும், மக்னம்தான் கண்ணுக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் மறந்தது.

ஆம், நான் முதலில் வாங்கியதும் ஒரு .300 மக்னம்தான். குழுவில் புதியவன், அதிலும் கறுப்பன். மற்றவர்களின் பழைய துவக்குகளுக்கு நடுவே என்னுடையதாவது பெரிதாக இருக்கட்டும் என்று ஒரு எண்ணம். வருடாந்தச் சூட்டுத் தேர்வில் 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடியும் விழ வேண்டும். விழுந்தது. அதற்கு முன் கட்டாயமான 30 பயிற்சி வெடிகளைத் தோளில் நீலம் பாரித்தபடி ஒருவாறு முடித்தேன். அதற்கு மேல் ஒரு வெடிகூட வைக்கவில்லை. வலித்தது, ரவையும் விலை.

ஓஸ்தெர்தாலன் பள்ளத்தாக்கு, ஒக்ரோபர் முதல் கிழமை, காலை எட்டரை. நான் ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் காவல் இருந்தேன். நாய் தொலைவில் குரைக்கிறது. ஒன்றரை வயதுக் காளை ஒன்று ஸ்புரூஸ் மரங்களுக்குள் இருந்து வந்து எழுபது மீற்றரில் பக்கவாட்டாக நின்றது. இதைவிட இலகுவான குறி வாழ்க்கையில் கிடைக்காது. விசையை இழுத்தேன். காளை முதுகைக் கூனி, இரண்டடி வைத்து, மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் பாசியின் மேல் இரத்தம் இல்லை. பச்சையாக, அரைத்த புல்போல ஏதோ. இரைப்பை. சன்னம் நெஞ்சுக்கு ஒரு முழம் பின்னால் போயிருந்தது.

குழுத் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. காயப்பட்ட மிருகத்தை உடனே துரத்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். விட்டால் படுக்கும். ஆகவே காத்திருந்தோம். பிறகு தேடும் நாயைக் கொண்டுவந்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, அது இன்னும் உயிரோடு படுத்திருந்தது. முடித்தவர் தலைவர். அவருடைய துவக்கு அறுபதுகளில் அவர் தகப்பன் வாங்கியது, 6.5×55 என்ற மெலிந்த ரவைக்கு உரியது. அந்த மிருகம் ஆறரை மணித்தியாலம் பட்டபாட்டுக்கு ரவை காரணமில்லை. நான் விசையை இழுக்கும்போது கண்ணை மூடியிருக்கிறேன்.

அது எனக்குத் தெரிந்தது அடுத்த கோடையில். தலைவர் என்னைச் சூட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனார். "நீ சுடு, ரவை நான் போடுகிறேன்" என்றார். இரண்டு வெடித்தன. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன், 'டிக்' என்று மட்டும் கேட்டது. வெற்று ரவையை நடுவில் செருகியிருக்கிறார். வெடியே இல்லாத துவக்கின் வாய் ஒரு சாண் கீழே குத்தி, என் தோள் முன்னால் பாய்ந்து, முகமெல்லாம் சுருங்கி, நானே எனக்கு அம்பிட்டேன். உதை (வெடித்ததும் துவக்கு தோளில் இடிப்பது) வருமுன்னே உடம்பு உதைக்குப் பயந்துவிடுகிறது. வெடி உண்மையாக வெடிக்கும்போது இந்தத் துள்ளலை உதை மறைத்துவிடும், அதனால் சுடுபவனுக்குத் தெரிவதே இல்லை.

ஒரே எடையுள்ள துவக்கில் .300 மக்னத்தின் உதை .308 என்ற நடுத்தர ரவையினதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 6.5×55இனதைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் உதைக்கு உங்களுக்குக் கிடைப்பது என்ன? திறந்த மலைவெளியில் 250, 300 மீற்றரில் சன்னம் குறைவாகத் தாழும். நாங்கள் வேட்டையாடுவது காடு. என் குழுவில் பெரும்பாலான எல்க் நூறு மீற்றருக்குள் விழுந்தவை, பல ஐம்பதுக்குள். அந்தக் கிட்டத்தில் அவ்வளவு வேகமான சன்னம் தோள் எலும்பில் பட்டால் முன்காலின் பாதி இறைச்சி இரத்தக் களியாகிவிடும், வெட்டி எறிய வேண்டியதுதான். நம்ம எல்க்கைவிடப் பெரிய மூஸ் திரிகிற அலாஸ்காவில், அரசின் மீன் வேட்டைத் திணைக்களமே வெளியூர் வேட்டைக்காரருக்குச் சொல்வது இதுதான்: புத்தம் புதிய மக்னத்தோடு வருவதைவிட, நன்றாகச் சுடப் பழகிய .270 அல்லது .30-06 போன்ற சாதாரண ரவைத் துவக்குடன் வா.

அப்படியென்றால் எதை வாங்குவது? 6.5×55 என்றால் சிலர் சிரிப்பார்கள், சன்னம் பென்சில் மாதிரி மெலிவு என்று. 1894இல் நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்தபோது இரு நாட்டு இராணுவத்துக்குமாகச் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ரவை அது. நோர்வேயின் கிராக்-யோர்கென்சன் துவக்கும் சுவீடனின் மவுசர் துவக்கும் அதைத்தான் சுட்டன. மெலிவுதான், ஆனால் நீளம். 10.1 கிராம் ஈயமும் செம்புமான சன்னம் அந்த மெலிவால்தான் ஆழமாக ஊடுருவும். சட்டத்தின் 2200 யூலையும் தாண்டும். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த இரு நாட்டிலும் எத்தனையோ எல்க் விழுந்தது இதில்தான். ஊருக்கு ஊர் இருக்கும் துப்பாக்கிச் சங்கங்களிலும் இதைத்தான் சுடுகிறார்கள் என்பதால் பயிற்சி ரவை எங்கும் கிடைக்கும். எட்டு எல்க் நான் இதில் எடுத்திருக்கிறேன். ஒன்றும் எண்பது மீற்றருக்கு மேல் ஓடவில்லை.

ஆனாலும் நான் உங்களுக்குச் சொல்வது .308 வின்செஸ்டர். என் மனம் 6.5இல்தான், அறிவு .308இல். 1952இல் வந்தது, இரண்டு ஆண்டில் நேட்டோவின் பொது ரவையாகி, இங்கே இராணுவச் சேவை செய்த உங்கள் நண்பர்களின் தகப்பன்மார் தோளில் சுமந்த ஏஜி-3 இராணுவத் துவக்கு வரை போனது. எந்தச் சிற்றூர்க் கடையிலும் இருக்கும். கட்டையான குழலிலும் வலுவை அதிகம் இழக்காது, ஆகவே சத்தம் குறைக்கும் கருவி பூட்டினாலும் துவக்கு தடிபோல நீளாது. அந்தக் கருவி இங்கே சட்டப்படி சரிதான், காதையும் காக்கும், உதையையும் குறைக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கியில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது அதை வாங்குங்கள்.

குழுவில் யாராவது தங்கள் பழைய .30-06ஐ மலிவாகத் தந்தால் அதையும் வேண்டாம் என்காதீர்கள். 1945இல் யேர்மன்காரர் இங்கே விட்டுப்போன மவுசர்களில் பலவற்றுக்குக் குழல் மாற்றி .30-06 ஆக்கியது நோர்வே இராணுவம். இந்த ரவை இங்கே இவ்வளவு புழங்க அதுவும் ஒரு காரணம். 9.3×62 என்ற தடித்த ரவையைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். 1905இல் ஒட்டோ பொக் என்ற பெர்லின் துவக்குத் தொழிலாளி ஆபிரிக்காவுக்குப் போகும் குடியேறிகளுக்காக ஆக்கியது, 18 கிராமுக்கு மேற்பட்ட சன்னம், வேகம் குறைவு, இறைச்சியைக் கெடுப்பதும் குறைவு. சுவீடனில் அதற்குப் பெரிய மதிப்பு. நல்ல ரவைதான், ஆனால் முதல் துவக்குக்கு அல்ல, அதுவும் நன்றாக உதைக்கும்.

ரவையின் பெயரைவிடச் சன்னம் முக்கியம், ஏனென்றால் நாங்கள் சுடுவது சாப்பிடுவதற்கு. ஈயச் சன்னம் உள்ளே விரியும்போது பொடிப்பொடியாகச் சிதறும். பல்லில் கூடப் படாத தூள். 2013இல் நோர்வேயின் உணவுப் பாதுகாப்பு அறிவியல் குழு எல்க் உட்பட மான் இன இறைச்சியில் ஈயம் பற்றி ஓர் அறிக்கை தந்தது. சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் ஈயச் சன்னத்தால் வீழ்த்திய மிருகத்தின் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும் என்பது அதிகாரிகளின் அறிவுரை. காயத்தைச் சுற்றி ஒட்ட வெட்டி, மிச்சத்தை அரைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அரைத்த இறைச்சியில்தான் ஈயம் ஒளிந்திருக்கும். இன்னொன்று, இது நம்ம குசினிக்கு மட்டும் உரியது: பழப்புளி, தேசிக்காய், வினாகிரி எல்லாம் அமிலம், ஈயத்தை இன்னும் கரைக்கும். எல்க் இறைச்சியை யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, புளிவிட்டுப் பிரட்டல் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். முதல் பேரப்பிள்ளை பிறந்ததும் நான் செம்புச் சன்னத்துக்கு மாறினேன்.

இங்கேதான் .308க்கு இன்னொரு புள்ளி. செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது. அதே எடைக்குச் சன்னம் நீளமாகிவிடும், 6.5இன் ஒடுங்கிய குழலுக்கும் சிறிய கோதுக்கும் அது நெருக்கடி. .308இல் 10 கிராம் செம்பு வசதியாக உட்காரும். ஆனால் செம்பு விரிய வேகம் வேண்டும், ஆகவே எட்டத்தில் சுடாதீர்கள். துவக்குக்குத் துவக்கு அதற்குப் பிடிக்கும் சன்னமும் வேறு. என்னுடையது இரண்டு வகையைத் துப்பிவிட்டு மூன்றாவதைத்தான் ஏற்றுக்கொண்டது. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள், பிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாதீர்கள்.

எந்த ரவையானாலும் எல்க் நாடகம் ஆடாது. நெஞ்சில் சரியாகப் பட்டாலும் ஒன்றும் நடக்காததுபோல நின்று உங்களைப் பார்க்கும். தவறிவிட்டது என்று துவக்கை இறக்காதீர்கள். நிற்கும்வரை அடுத்த வெடியை வையுங்கள்.

மக்னத்துக்கு முற்பணம் கட்டிவிட்டதாகச் சொன்ன தம்பி, கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் என்னிடம் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மற்றவர்கள் வாங்குமுன் ஒருமுறை திடலுக்கு வாருங்கள். செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு அங்கே இருப்பேன். என் 6.5உம் .308உம் இருக்கும், சுட்டுப் பார்த்து முடிவெடுங்கள். காதுக்கவசம் மட்டும் கொண்டுவந்தால் போதும், ரவை நான் போடுகிறேன். வெற்று ரவை எத்தனையாவதாக வரும் என்று கேட்கக் கூடாது.

அன்புடன்,
கொத்துரொட்டி வரிசையில் நின்ற மாமா