ஜனவரியில் மட்டும் குளத்துக்கு வந்தால் போதாது

குமரி மாவட்டப் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். பிப்ரவரி 2 உலகச் சதுப்புநில நாள். அன்றைக்கோ, பொங்கல் விடுமுறை முடிந்த கையோடோ, சுசீந்திரம் குளக்கரையில் ஏதாவது ஒரு பள்ளி வேன் நிற்கும். பிள்ளைகள் பேனரைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கூழைக்கடா எது, நாரை எது என்று யாராவது காட்டிக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்தில் வேன் கிளம்பிவிடும். இதைக் குறை சொல்ல வரவில்லை. கூழைக்கடாவின் அலகுப்பையை முதல் தடவை பார்க்கிற பிள்ளையின் முகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் அந்த வேன் எத்தனை குளங்களைத் தாண்டியிருக்கும்? என் விண்ணப்பம் அந்தக் குளங்களுக்காக.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பள்ளியிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, காலையில், ஒரே இடத்தில் நின்று 15 நிமிடம். கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகள் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதி, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றுங்கள். பன்னிரண்டு மாதமும் இதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்கள். 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் இபேர்டில் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து, 942 வகைப் பறவைகளின் நிலையைக் கணித்தார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தரவு இருந்தது 338 வகைகளுக்கு மட்டும். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக் குளங்களுக்கு வலசை வரும் ஊசிவால் வாத்து, உடனடிக் கவனம் தேவைப்படும் பட்டியலில் இருக்கிறது. மயிலோ பெருகியிருக்கிறது. நெல்லில் மயில் இறங்குகிறது என்று வயல்காரர்கள் சொல்வதற்கும் இதே பதிவுகள்தான் சாட்சி. ஆக, எண்ணுவது பறவைப் பிரியர்களுக்கு மட்டுமான காரியம் அல்ல.

பக்கத்து மாநிலத்தையும் பாருங்கள். 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இப்படிப் பதினைந்து பதினைந்து நிமிடமாக எண்ணினார்கள். 25,000 பட்டியல்கள், 361 வகைப் பறவைகள். மாநிலம் முழுவதற்கும் ஒரு பறவை வரைபடம் வந்துவிட்டது. அந்த வரைபடம் மாநில எல்லையில், பாறசாலையோடு நிற்கிறது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நம்மிடம் இருப்பவை, ஆர்வம் உள்ளவர்கள் போனபோது போட்ட பட்டியல்கள். அவையும் பெரும்பாலும் சுசீந்திரம், தேரூர், மணக்குடி என்று பேர்பெற்ற இடங்களிலிருந்து, பெரும்பாலும் குளிர்காலத்தில். பறவை பார்க்கிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அரிய பறவை வந்திருக்கிறது என்று ஒரு சொல் கேட்டால் கும்பலாக ஓடுவோம். ஊர்க் குளத்து நாமக்கோழியை எண்ண ஆள் இருக்காது.

பன்னிரண்டு மாதமும் ஏன் என்பதற்கு நீளவால் இலைக்கோழி ஒன்றே போதும். குளிர்காலத்தில் பழுப்பாக, வால் குட்டையாக, யாரும் திரும்பிப் பார்க்காத பறவை. மழைக்காலம் நெருங்கும்போது கழுத்தில் பொன்மஞ்சள் ஏறும், கறுப்பு வால் நீண்டு வளைந்து நிற்கும். தாமரை, அல்லி போன்ற மிதக்கும் இலைகளின் மேல்தான் முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். பெண் முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு வேறு ஆணைத் தேடிப் போய்விடும். வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், பின்பெஞ்சும் நிமிரும். இந்தக் கதையெல்லாம் நடப்பது கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் வந்து, குளங்களில் இலை பரவி நிற்கிற மாதங்களில். ஜனவரி வேனில் வருகிற பிள்ளை இதில் ஒன்றையும் பார்க்காது. அந்த மாதங்களில் எந்தக் குளத்தில் எத்தனை கூடு என்று தெரிந்தால்தான், தாமரைக் குத்தகைக்காரரிடம் இந்த மூலையை மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுவையுங்கள் என்று கேட்க முடியும். கேட்டால் பலரும் விட்டுவைப்பார்கள் என்றே நினைக்கிறேன். காலையில் பூப்பறிக்கக் குளத்தில் இறங்குகிறவருக்குக் கூடு எங்கே என்று நம்மைவிட நன்றாகவே தெரியும்.

அப்புறம், “ஒண்ணும் இல்ல சார், காக்காதான் இருக்கு” என்று ஒரு மாதம் பிள்ளைகள் சொல்லும். அந்தக் காக்காவை எழுதச் சொல்லுங்கள். மைனாவையும் எழுதச் சொல்லுங்கள். பார்த்த எல்லாவற்றையும் எழுதிய பட்டியல் என்றால்தான், அதில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்று கணக்கில் கொள்ள முடியும். பிடித்ததை மட்டும் எழுதினால் அந்த வசதி போய்விடும். தண்ணீர் வற்றிய குளத்துக்கும், ஆகாயத்தாமரை மூடிய குளத்துக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.

எண்ணிக்கை கட்டாயம். இபேர்டில் எண்ணுக்குப் பதிலாக ஓர் எக்ஸ் போட்டுவிட்டும் போகலாம். தயவுசெய்து போடாதீர்கள். 2022-இல் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டும் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலுக்கான அளவுகோல்களில் இரண்டு நேரடியாக நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையைப் பற்றியவை: 20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து தங்கும் இடமா, அல்லது ஒரு வகையின் மொத்தத் தொகையில் 1 சதவீதம் தொடர்ந்து வருகிற இடமா. எக்ஸை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. பெரிய கூட்டம் என்றால் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று முதலில் பார்த்து, அதுபோல எத்தனை பத்து என்று எண்ணச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் பொழுது போகும்.

“எனக்கே பறவை பெயர் தெரியாதே” என்று தயங்க வேண்டாம். மெர்லின் செயலி படத்தையும் குரலையும் வைத்து ஊகம் சொல்லும். ஊகத்தை அப்படியே நம்பாமல் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தெரியாத வாத்தை ‘வாத்து வகை’ என்று பதியவும் இடமுண்டு. வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ ஏற்றினால், அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவர் ஆதாரம் கேட்டு எழுதுவார். அது குற்றச்சாட்டு இல்லை, பதில் எழுதினால் போதும். பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு தேவையில்லை, கூடவே நிற்கிற உங்கள் கணக்கு ஒன்று போதும். கூட்டுக்குக் கிட்டே போய்ப் படம் எடுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பள்ளிகள் ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு குளத்துக்கு எங்கே போவது? அவர்களுக்கு, மரங்களின் பருவ மாற்றத்தைப் பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டம் பொருந்தும். வளாகத்தில் உள்ள பலாவையோ புளியையோ கொன்றையையோ வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். நோட்டும் பென்சிலும் போதும், செல்போன்கூட வேண்டாம். கேரளப் பள்ளிகள் இதில் வெகுதூரம் முன்னால் இருக்கின்றன.

பாதுகாப்பு பற்றித் தலைமையாசிரியர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கரையை விட்டு இறங்கக் கூடாது, மடைப் பக்கமோ மறுகால் பக்கமோ போகக் கூடாது. பாடத்திட்டம் முடியாது என்றும் சொல்வார்கள். மாதத்தில் ஒரு காலைதான், அதுவும் முதல் பீரியடுக்கு முன்.

சேர்த்த பட்டியல்களைக் கணினியிலேயே விட்டுவிடாதீர்கள். நான்குவழிச் சாலைக்காகக் குளத்தில் மண் விழுந்ததைப் பார்த்த மாவட்டம் இது. தூர்வாருவதானாலும் கரை கட்டுவதானாலும், வேலை தொடங்கும் முன் அங்கே என்ன இருந்தது என்று சொல்ல யாரிடமாவது ஒரு தாள் இருக்க வேண்டும். ஊராட்சிக்குள் இருக்கிற பள்ளி என்றால் அக்டோபர் 2 கிராம சபையில் அதுவரை எண்ணியதை ஒரு மாணவியை வாசிக்கச் சொல்லுங்கள். எந்த மாதத்தில் எந்த மூலையில் கூடு இருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும். தலைவரிடமும் பாசனக்காரர்களிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். தூர்வாரும் வேலையைக் கூடு இல்லாத மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க அதுவே போதும்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் மாதமே தொடங்கலாம். அடுத்த ஜனவரி வேன் வாடகைக்கு ஒதுக்கிய பணம் இருந்தால், அதில் எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்று வாங்கி மன்றத்தின் பெயரில் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

அன்புடன்,
நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பறவை எண்ணுகிறவர்களில் ஒருவன்