அந்த ஜன்னலைப் பற்றி: பொதுச் சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்று வந்தால் தன்னார்வலர்கள் என்ன செய்யவேண்டும் என்று விளக்க நீங்கள் சென்ற வாரம் கூட்டிய பயிற்சிக்கு நானும் வந்திருந்தேன். கை கழுவும் முறை, ஆறடி இடைவெளி, கிருமிநாசினியை எவ்வளவு நீரில் கலப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினீர்கள். முடியும் நேரத்தில் ஒரு பெண்மணி எழுந்து, "புதிய நோய் ஒன்று வந்தால், அது எப்படிப் பரவுகிறது என்பது முதல் சில வாரங்களில் உங்களுக்கே தெரியாதே, அப்போது எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். பயிற்சி அளித்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெரியாது என்று மக்களிடம் சொல்லவே கூடாது அம்மா. பீதி கிளம்பிவிடும். நாம் உறுதியாகப் பேசவேண்டும்." அரங்கில் பலர் தலையாட்டினார்கள். அந்தப் பெண்மணி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2020 இன் முதல் மாதங்களில் கொரோனா பரவியபோது நடந்ததை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. என் வீட்டு ஜன்னல் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

அப்பாவின் அறைக்கு ஒரே ஜன்னல். பழைய மர ஜன்னல். மரம் ஊதிப்போனதால் இரண்டு கதவுகளும் முழுமையாகச் சேராது; நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி எப்போதும் இருக்கும். ஊரடங்கு தொடங்கிய நாள்களில் எங்கள் கவனம் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. கதவுத் தாழ்ப்பாளை மணிக்கொரு தரம் துடைத்தோம். வெளியிலிருந்து வந்த ரூபாய் நோட்டுகளைச் சோப்பு நீரில் நனைத்துக் கொடியில் கவ்வி போட்டுக் காயவைத்தோம். தங்கையின் விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் கசிந்தது. அப்படியும் அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லோருடைய காய்ச்சல் அளவையும் காலை மாலை எழுதி வைத்தார். சொன்னதைச் செய்தோம். ஒன்றைக்கூட விடாமல் செய்தோம்.

பிறகு தம்பிக்குத் தொண்டை கரகரத்தது. சின்ன வீடு. அவனும் அப்பாவும் ஒரே அறையில்தான் படுக்கவேண்டும். உதவி எண்ணுக்கு அழைத்து, ஜன்னலைத் திறந்து வைக்கலாமா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் எழுதி வைத்ததை வாசிப்பதுபோலச் சொன்னார்: "இந்த நோய் காற்றில் பரவாது. ஆறடி தள்ளிப் படுத்தால் போதும். ஜன்னலை மூடியே வையுங்கள், அக்கம்பக்கத்தில் பயப்படுகிறார்கள்." நான் மறுபடியும் கேட்டேன். "காற்றில் பரவாது" என்று அதே குரலில் மறுபடியும் சொன்னார்.

அளவு நாடாவை எடுத்து இரண்டு படுக்கைகளுக்கும் இடையே அளந்தேன். ஆறடி மூன்று அங்குலம். அந்த மூன்று அங்குலத்தைக் கூடுதலாக விட்டதில் எனக்கு ஒரு நிம்மதி. ஜன்னல் இடைவெளியில் செய்தித்தாளைக் கீற்றுகளாகக் கிழித்துப் பசை தடவி நானே ஒட்டினேன். எட்டு இரவுகள். தம்பி எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. அம்மாவின் நோட்டில் அப்பாவின் பெயருக்கு எதிரே ஐந்து நாள் அளவுகள் இருக்கின்றன. ஆறாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. அப்பா தாமாகவே நடந்து போய் ஏறினார், திரும்பி வரவில்லை.

அந்தச் செய்தித்தாளை அம்மா பிறகு சுரண்டி எடுத்துவிட்டார். ஆனாலும் அச்சு மை மரத்தில் ஏறிவிட்டது. இடவலம் மாறிய எழுத்துகள் இன்றும் ஜன்னல் சட்டத்தில் இருக்கின்றன.

ஜன்னல் திறந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல என்னால் முடிகிறது. உங்களால் அன்று ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. "எப்படிப் பரவுகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை, காற்றில் பரவவும் வாய்ப்பிருக்கிறது, முடிந்தால் திறந்து வையுங்கள்" என்று அந்தக் குரல் சொல்லியிருந்தால் நான் பீதியில் தெருவுக்கு ஓடியிருக்க மாட்டேன். ஜன்னலைத் திறந்திருப்பேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

இது ஓர் உதவி எண்ணின் தவறாக இருந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். உலகம் முழுவதும் மேலிருந்து கீழ்வரை அதே உறுதிதான் வழிந்தது. 2020 ஜனவரி 14 அன்று, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்ற சீன அதிகாரிகளின் முதற்கட்ட முடிவை உலக சுகாதார அமைப்பு அப்படியே வெளியிட்டது. ஆறு நாள் கழித்து, பரவுகிறது என்று சீனாவே ஒப்புக்கொண்டது. சான்று இல்லை என்பது வேறு, இல்லை என்பதற்குச் சான்று என்பது வேறு. அந்த வித்தியாசம் அறிவியல் படித்த உங்களுக்குத் தெரியும். கேட்டவர்களின் காதில் "பரவாது" என்றுதான் விழுந்தது. மார்ச் 28 அன்று அதே அமைப்பு, கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று, 'உண்மை' என்ற முத்திரையோடு சமூக வலைத்தளங்களில் அறிவித்தது.

அதற்கு 18 நாள் முன்னால், மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் கைகளில் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டார்கள். கட்டித் தழுவுவதையும் கைகுலுக்குவதையும் தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடிவிட்டுக் கலைந்தார்கள். 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். கையைத் தேய்த்துக்கொண்டவர்களுக்கு நோய் எந்த வழியாக வந்தது என்ற கேள்வி யாருக்கும் எழவில்லையா? எழுந்தது. அந்த ஜூலையில் 239 அறிவியலாளர்கள், காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கமாக வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. நோயாளி மூச்சுவிடும் காற்றைச் சுத்தமாக வைப்பதே செவிலியின் முதல் கடமை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் வற்புறுத்தினார். உயரமான ஜன்னல்கள் வரிசையாக அமைந்த மருத்துவமனைக் கூடங்கள் அந்த எண்ணத்தில் எழுந்தவைதான். 2003 இல் சார்ஸ் என்ற சுவாச நோய் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியபோது, காற்றுவழியாகப் பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். எச்சரிக்கை இல்லாமல் இல்லை.

உங்கள் துறையின் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருப்பதையும் நான் அறிவேன். கெட்ட காற்றுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்ற பழைய நம்பிக்கையோடு உங்கள் முன்னோடிகள் பல தலைமுறை போராடினார்கள். காலராவைச் சுமந்து வந்தது தண்ணீர் என்று லண்டனில் ஜான் ஸ்னோ காட்டியபோதுகூட ஏற்காதவர்கள் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் வென்றபின், காற்று என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகப்படும் பழக்கம் துறைக்குள் தங்கிவிட்டது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சந்தேகத்தை எங்களிடம் சந்தேகமாகவே சொல்லாமல் முடிவாகச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறு விதமாகப் பேச வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் 2020 மார்ச்சிலேயே மூன்றைத் தவிர்க்கச் சொன்னார்கள்: காற்றோட்டமில்லாத மூடிய இடங்கள், நெரிசல், நெருங்கி நின்று பேசுவது. அவர்களுக்கும் அன்று எல்லாம் தெரிந்திருக்கவில்லை. நோயாளிகள் எந்தெந்த இடங்களில் கூட்டாக உருவாகிறார்கள் என்று பார்த்து, அரைகுறையாகத் தெரிந்ததிலிருந்தே மக்களுக்குப் பயன்படும் ஒரு வார்த்தையை எடுத்தார்கள். ஜெர்மனியில் வைரஸ் ஆய்வாளர் கிறிஸ்டியன் டிராஸ்டன் வானொலி நிறுவனம் ஒன்றின் ஒலித்தொடரில், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏராளமானவர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் அதனால் மிரண்டு ஓடவில்லை.

முகக்கவச விவகாரம் இதைவிட வேதனையானது. பொதுமக்களுக்கு அது தேவையில்லை, பயனில்லை, ஆனால் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவசியம் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலர் பிப்ரவரி கடைசியில் இப்படித்தான் வேண்டுகோள் விடுத்தார். எனக்குப் பயன்படாத துணி செவிலிக்கு எப்படிப் பயன்படும் என்று பள்ளிக்குழந்தையும் கேட்டது. "தட்டுப்பாடு இருக்கிறது, உயிரைப் பணயம் வைப்பவர்களுக்கு முதலில் கொடுப்போம்" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்திருப்போம். பரவலான தொற்று உள்ள இடங்களில் பொதுமக்களும் அணியவேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொன்னது ஜூன் 5 அன்று. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. அதன்பின் நீங்கள் சரியாகச் சொன்னதையும் பலர் நம்பவில்லை. தடுப்பூசி வந்தபோது, "இவர்கள்தானே முன்பு அப்படிச் சொன்னார்கள்" என்று என் பெரியப்பா ஒதுங்கிக்கொண்டார். அவரோடு வாதாட என்னிடம் விடை இருக்கவில்லை.

மக்களின் பீதியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். அந்த மாதங்களில் எங்கள் பீதி எதிலிருந்து வந்தது என்று எப்போதாவது எங்களைக் கேட்டீர்களா? காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வந்த அறிவிப்புகளிலிருந்து வந்தது. கேள்வி கேட்டவர்களையெல்லாம் வதந்தி பரப்புகிறவர்கள் பட்டியலில் சேர்த்ததிலிருந்து வந்தது. வூஹானில் லி வென்லியாங் என்ற கண் மருத்துவர் 2019 டிசம்பர் 30 அன்று தம் சக மருத்துவர்களை எச்சரித்தார். பொய் பரப்பியதாகச் சொல்லிக் காவல் நிலையத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் அவர் இறந்தார். அடுத்த வாரமே, தொற்றோடு சேர்ந்து தவறான தகவலும் தொற்றாகப் பரவுகிறது என்று உலக சுகாதார அமைப்பின் தலைவர் எச்சரித்தார். அது உண்மை, மாட்டுச் சாணத்திலும் மந்திரத்திலும் மருந்து தேடியவர்களை நானும் பார்த்தேன். ஆனால் அதிகாரம் உள்ளவர்களின் வாயிலிருந்து வரும் தவறான தகவலை யார் திருத்துவது? எங்கள் தவறுக்கு வழக்குப் போட்டார்கள். உங்கள் தவறுக்கு ஒரு மறுப்பு அறிக்கைகூட முன்பக்கத்தில் வரவில்லை. வலைப்பக்கத்தில் ஒரு வரி ஓசையில்லாமல் மாறியது, அவ்வளவுதான். நோட்டுகளைக் கழுவிக் காயவைத்த எங்களுக்கு, பொருள்களைத் தொட்டால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்த செய்தி 2021 ஏப்ரலில்தான் வந்தது. அதையும் யாரும் வீடுவீடாக வந்து சொல்லவில்லை. துடைக்கச் சொல்ல மட்டும் வந்தார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவேண்டும். இரவு பகல் பாராமல் உழைத்த உங்கள் ஊழியர்களை நான் மறக்கவில்லை. ஆம்புலன்ஸில் அப்பாவை அழைத்துச் சென்ற இளைஞருக்கு அன்று நல்ல கையுறைகூட இருக்கவில்லை. அப்படியும் அவர் பின்வாங்கவில்லை. அவர் போன்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். மூடிய அறைகளுக்குள் நுழைந்தவர்கள் அவர்கள்தாமே.

தவறை ஒப்புக்கொள்வது உங்கள் துறைக்குப் புதிதும் அல்ல. உலக சுகாதார அமைப்பின் தலைமை அறிவியலாளராக இருந்த சௌமியா சுவாமிநாதன் 2022 நவம்பரில் பதவியிலிருந்து விலகும் தறுவாயில், காற்றுவழிப் பரவலை இன்னும் முன்னதாகவே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதைப் படித்த அன்று நான் நெடுநேரம் அந்த ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொன்னதே ஆறுதலாக இருந்தது. 2024 ஏப்ரலில் அந்த அமைப்பு காற்றுவழிப் பரவலைக் குறிக்கும் சொற்களையே மாற்றி எழுதியது. 2025 மே 20 அன்று, பெருந்தொற்றுகளை நாடுகள் சேர்ந்து எதிர்கொள்வதற்கான ஒப்பந்தத்தை, அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. மேலே இவ்வளவு மாறியிருக்க, எங்களுக்கு வந்து சேர்ந்த பயிற்சியில் ஜன்னல் என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. "தெரியாது என்று சொல்லவே கூடாது" என்ற பாடம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு புதிய நோயின் முதல் வாரத்தில் எங்கள் முன் நீங்கள் பேச வரும்போது, தெரிந்தது இது, தெரியாதது இது, தெரியும்வரை இப்படி நடந்துகொள்வது நல்லது என்று சொல்லுங்கள். சொன்னது மாறினால், மாறியது என்று முதலில் சொன்ன அதே அளவு சத்தத்தில் சொல்லுங்கள். உதவி எண்ணில் பேசுகிறவருக்கும், "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல அனுமதி கொடுங்கள். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படி ஒரு வரி இருக்கவில்லை.

அந்தப் பெண்மணியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த பயிற்சி வரும் மாதம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குமுன் அந்தப் பதிலை எழுத்தில் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் வருவேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தன்னார்வலர்