மீனாவுக்கு, கீரைப் பாத்தி விஷயமா

அன்புள்ள மீனாவுக்கு அப்பச்சி எழுதுறேன்.

உன் ஸ்பினாச் கீரை ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டு நீ அனுப்புன போட்டோவ நானும் அம்மாவும் பெருசு பண்ணிப் பார்த்தோம். நடுவுல தண்டு கிளம்பி பூ வச்சிருச்சும்மா, இனிமே இலை கசக்கும், பிடுங்கிப் போட்டுடு. மண்ணுல ஒரு கோளாறும் இல்ல, நீ மே மாசம் விதைச்சதுதான் காரணம். பகல் 14 மணி நேரத்த தாண்டி வெயிலும் சேந்துச்சுன்னா ஸ்பினாச் இலை விடுறத விட்டுட்டு பூக்கப் போயிரும், உங்க லண்டன்ல ஜூன்ல பகல் 16 மணி நேரத்துக்கும் மேல. நம்ம காரைக்குடியில ஆடி மாசம்கூட 13 மணிய தொடாது, இங்க கெடுக்குறது சூடுதான்.

விதை அனுப்பச் சொன்னியே, வேணாம்மா. இங்க பாலக்குன்னு விக்கிறது பெரும்பாலும் பீட்ரூட்டோட இனம், நம்ம வெக்கைய ஓரளவு தாங்கும், நான் ஐப்பசி கடைசியில கிணத்தடிப் பாத்தியில தூவுனா பிள்ளையார் நோன்பு சமயத்துக்கு இலை வந்துரும். உங்க ஊர் ஸ்பினாச் வேற செடி, குளிருக்குன்னே பொறந்தது. அங்கயே குளிர்கால ரகம்னு கேட்டு வாங்கு.

ஆகஸ்ட் கடைசியில இல்ல செப்டம்பர்ல போடு. முந்தின ராத்திரி விதைய ஊற வை, ஒரு விரக்கடைக்கு மேல ஆழம் வேணாம். முளைச்சதும் நாலு விரல் இடைவெளி விட்டு கலைச்சு விடு, கொஞ்சம் வளந்ததும் எட்டு விரலாக்கு. பிடுங்குற இளங்கன்ன தூக்கிப் போடாத, பாசிப்பருப்புல போட்டா அவ்வளவு நல்லாருக்கும். ஈரம் காயக் கூடாது, அதே நேரம் தண்ணி தேங்கவும் கூடாது. நத்தை வரும், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாரு.

இலை எடுக்குறதுலதான் எல்லாரும் அவசரப்படுவாங்க. முளைக்கீரை மாதிரி வேரோட இழுத்துறாத, அரைக்கீரை மாதிரி திரும்பத் திரும்ப எடுக்கலாம். சுத்தி இருக்குற பெரிய இலைய மட்டும் காம்போட கிள்ளு, நடுக்குருத்துல கை படக் கூடாது, குருத்து இருந்தா விட்டுக்கிட்டே இருக்கும், ஒரே நாள்ல பாதிக்கு மேல எடுத்தா செடி சோந்துரும். டிசம்பர், ஜனவரில வளர்ச்சி கிட்டத்தட்ட நின்னுரும், செத்துப்போச்சுன்னு பிடுங்கிறாத, பகல் நீள ஆரம்பிச்சதும் மார்ச்ல மறுபடி துளிர்க்கும். உறைபனியில இலை விறைச்சுக் கிடந்தா அப்ப தொடாத, பனி உருகி இலை நிமிந்த பிறகு கிள்ளு. குளிருக்கு உறைஞ்சு போகாம இருக்க செடி தனக்குள்ள சர்க்கரைய சேத்து வச்சுக்கும், அதனால பனி பார்த்த இலை இனிக்கும்மா, இந்த ருசி நம்ம ஊர்க் கீரையில வராது, நீ சாப்பிடணும்னு எனக்கு அவ்வளவு ஆசை.

அந்த இலையில அப்பத்தா வைக்கிற மாதிரி கீரை மண்டி வச்சுப் பாரு. சின்ன வெங்காயம் வரமிளகா தாளிச்சு, அரிசி கழுவுன ரெண்டாம் தண்ணி ஊத்தி கொதிச்சதும் இலையப் போடு, ரெண்டு நிமிஷத்துல வெந்துரும், தேங்காப்பால கடைசியில ஊத்தி ஒடனே இறக்கிரு, கொதிச்சா திரிஞ்சுரும். சின்ன வெங்காயம் கிடைக்கலேன்னா ஷாலட்டுன்னு விப்பாங்களாம், அது போதும்னு அம்மா சொல்றா.

பாத்திய மாப்பிள்ளைய விட்டு இப்பவே கொத்தி மக்கின எரு போட்டு வைக்கச் சொல்லு. ஆகஸ்ட் பொறந்ததும் நானே போன் பண்ணி ஞாபகப்படுத்துறேன்.

அப்பச்சி