கோபி பஸ்ஸில் துண்டு கொடுத்த அக்காவுக்கு

போன வருஷம் தை மாசம், கோபியிலிருந்து ஈரோடு போகிற பஸ்ஸில், கவுந்தப்பாடி தாண்டி நான் இருமினதும் சிறுநீர் கசிந்து சேலை நனைந்து, இனி எப்படி எழுந்து இறங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து சீட்டில் இருந்த நீங்கள் ஒன்றுமே கேட்காமல் பையிலிருந்து ஈரிழைத் துண்டை எடுத்து என் மடியில் போட்டீர்கள். "எனக்கும் இருந்துச்சு அம்மிணி, ஆப்பரேசன் பண்ணி சரியாப் போச்சு" என்று காதோரம் சொன்னீர்கள். 8 வருஷமாக வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது.

அப்புறம் மகளிர் டாக்டரைப் பார்த்தேன். முதலில் 3 மாதம் இடுப்புத் தசைப் பயிற்சி. கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. பிறகுதான் சிறுநீர் வெளியே வரும் குழாய்க்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அகல வலை நாடாவைத் தூளி மாதிரி வைத்தார்கள், இருமும்போது அது தாங்கிக்கொள்ளும். வயிற்றைக் கிழிக்கவில்லை, அரை மணி நேரம்தான், மறுநாள் வீடு. சிலருக்கு வலியோ சிறுநீர் போவதில் சிரமமோ வரலாம் என்பதையும் டாக்டர் முன்னாடியே மறைக்காமல் சொன்னார். 6 வாரம் தண்ணீர்க்குடம் தூக்கவில்லை.

இந்தப் பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் தீமிதிக் குண்டத்துக்கு விடிய விடிய வரிசையில் நின்றேன், மாற்றுச் சேலை எடுத்துப் போகவே இல்லை. ரொம்ப நன்றி அக்கா. துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அந்த பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் உங்களைத்தான் தேடுகிறேன்.