தடிமன் காலமும் முழு வரவுப் பரிசும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன கிழமை தரம் 4 வகுப்புக்குள் போனபோது ஒரு வாங்கு முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வாங்கில் இருந்த மூன்று பேரும் மாறி மாறி இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "ஏன் ராசா வந்தாய்?" என்று கேட்டேன். "இந்த வருசம் நான் ஒரு நாளும் லீவு போடேல்லை சேர், பரிசு கிடைக்கும்" என்றான். அம்மாவை வரவழைத்து அனுப்பினோம். பரிசு போச்சே என்று அழுதுகொண்டே போனான்.

அந்தப் பரிசை இங்கே தொடங்கி வைத்தவன் நான்தான். காய்ச்சலோடு வருகிற பிள்ளைக்கு மேடையில் கைதட்டிவிட்டு, வருத்தம் ஏன் வகுப்பெல்லாம் பரவுகிறது என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆகவே முழு வரவுப் பரிசு இந்த ஆண்டு முதல் கிடையாது.

மாரி வந்தால் "மழையில் நனைந்ததால்தான் தடிமன்" என்று நம் வீடுகளில் சொல்வோம். நனைந்த பிள்ளையின் தலையைத் துவட்டிவிடுவது நல்லதுதான். ஆனால் இந்தத் தடிமன் காய்ச்சலைத் தருகிற இன்புளுவென்சா வைரஸ் மழைத்துளியில் வருவதில்லை, தொற்றிய ஒருவரின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும்தான் வருகிறது. மழை செய்கிற வேலை வேறு: எல்லோரையும் ஒரு கூரைக்குள் தள்ளி, யன்னல்களையும் சாத்த வைக்கிறது. எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு அடைத்த இடத்தில் இருந்தோம் என்பதுதான் முக்கியம். முற்றத்தில் எதிரே வந்தவரோடு இரண்டு வார்த்தை பேசுவதும், சாத்திய அறைக்குள் ஒரு மணித்தியாலம் தோளோடு தோள் உரச இருப்பதும் ஒன்றல்ல.

அப்படிப் பார்த்தால் எனக்கு வகுப்பறையை விடக் கவலை தருவது வேன்தான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் மடியில் மடியாக இருந்து வருகிறார்கள். சாரல் அடிக்கிறது என்று கண்ணாடி எல்லாம் மேலே. ஏசி வேன் என்றால் பயமில்லை என்று ஒரு தந்தை சொன்னார். பெரும்பாலும் அது உள்ளே இருக்கிற காற்றையேதான் குளிராக்கிச் சுற்றி விடுகிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கினாலே காற்று ஊடறுத்துப் போகும். கொஞ்சம் நனைந்தால் காயும். அடுத்தது ரியூசன். நான்கைந்து பாடசாலைப் பிள்ளைகள் ஒரே தகரக் கூரைக்குக் கீழ் நெருக்கி இருக்கும்போது, ஒரு பாடசாலையின் தடிமன் மறு பாடசாலைக்குப் போக வேறு வழி தேவையில்லை.

எங்கள் பக்கத்திலும் திருத்தம் உண்டு. வாய்விட்டுப் பாடும்போது, பேசும்போதை விடக் கூடுதலான நுண்துளிகள் வெளியே வரும். ஆகவே காலைத் தேவாரம் இனி மண்டபத்தில் இல்லை, விறாந்தையில். வகுப்பு யன்னல்கள் திறந்தே இருக்கும், ஆசிரியர்களுக்குச் சொல்லியாயிற்று. பைப்படியில் சவர்க்காரமும் வைத்திருக்கிறோம். 20 விநாடி தேய்த்துக் கழுவ வீட்டிலும் பழக்குங்கள். சின்னவர்கள் மூக்கைத் தொட்ட கையாலேயே அடுத்தவரின் போத்தலையும் தொடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலும் லேஞ்சியும் ஆளுக்கொன்று இருக்கட்டும்.

இந்த வைரஸின் கள்ளத்தனம் ஒன்று உண்டு. உடம்புக்குள் புகுந்து 1 முதல் 4 நாட்களுக்குள்தான் வருத்தம் தெரியும். தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடும். பிறகும் ஒரு கிழமை வரை பரப்பலாம், சின்னப் பிள்ளைகள் அதைவிடக் கூடுதலான நாட்களும் பரப்புவதுண்டு. அதனால் யாருடைய பிள்ளையிடமிருந்து வந்தது என்று வாசலில் நின்று விசாரிப்பதை விடுங்கள். கண்டுபிடிக்க முடியாது, மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

சில வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை, 2 வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை, கர்ப்பிணித் தாய், நீரிழிவோ இருதய வருத்தமோ உள்ள அம்மம்மா, அப்பப்பா. இவர்களுக்கு இது வெறும் தடிமனாக நிற்காமல் நெஞ்சுச் சளி, நியூமோனியா என்று போகக்கூடும். இருமுகிற பிள்ளையை அம்மம்மாவோடு ஒரே பாயில் படுக்க வைக்காதீர்கள். சிகரெட் புகை, விறகடுப்புப் புகை, பூட்டிய அறையில் இரவு முழுவதும் எரியும் நுளம்புத்திரி, இவையும் பிள்ளையின் மூச்சுக்குழாயைப் புண்படுத்தி வருத்தத்துக்கு வழிவிடும். இன்புளுவென்சாவுக்குத் தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போட வேண்டியது. வீட்டில் இப்படியானவர்கள் இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்.

மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அமத்திவிட்டு அனுப்புவது வேண்டாம். வேலைக்குப் போகும் தாய்மாரின் சிரமம் தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கியதும் எப்படியும் உங்களைத்தான் கூப்பிடுவோம். மாத்திரை இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் வராதிருந்தால் அனுப்புங்கள். கொத்தமல்லிக் குடிநீர் கொடுப்பது உங்கள் விருப்பம், நானும் குடிக்கிறேன். அஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. இது டெங்குக் காலமும்தான். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் "வெறும் தடிமன்" என்று இருந்துவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வராத நாட்களின் பாடக் குறிப்புகளை வகுப்பாசிரியர் தருவார். தவறிய தவணைப் பரீட்சையைப் பிறகு எழுதலாம், புள்ளி குறைக்கப்படாது.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வேன் ஓட்டுநர்களோடு கண்ணாடி விஷயம் பேச இருக்கிறேன். உங்கள் பிள்ளை எந்த வேனில் வருகிறது, அதில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு துண்டில் எழுதி அதற்கு முன் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை